நெருப்பைத் துப்பிய வெள்ளையணு

ஒரு ரத்தக்குழாயின் சுவரில் கிருமி ஒன்று வந்து ஒட்டியது. பயந்துபோன சுவர், அந்தப் பக்கமாகப் போன வெள்ளையணுவின் கையைப் பிடித்து நிறுத்தியது.

"அண்ணே, எரியுது."

"நான் இருக்கேன்ல" என்றது வெள்ளையணு. அதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வாய் நிறைய நெருப்பைத் துப்பியது. கிருமி கருகி உதிர்ந்தது.

வெள்ளையணு கிளம்பப் பார்த்தது. சுவர் கையை விடவில்லை.

"இன்னும் எரியுதுண்ணே."

வெள்ளையணு தன் கூட்டாளிகளையும் கூப்பிட்டது. எல்லோரும் சேர்ந்து துப்பினார்கள். அதுவரை இளகி வழிவிட்டுக்கொண்டிருந்த சுவர் விறைத்துப்போய், வழி குறுகியது.

பிராணவாயுவைச் சுமந்து வந்த சிவப்பணு ஒன்று அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. "யாரை அடிக்கிறீங்க? கிருமி எப்பவோ செத்துப்போச்சு. இப்ப உங்க நெருப்புதான் சுவரைச் சுடுது."

வெள்ளையணுவின் முகம் வாடியது. சுவரிடம் மெதுவாகக் கேட்டது.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்ணே."

"அப்புறம் ஏன் என்னையே கூப்பிட்டே?"

"எரிஞ்சா கூப்பிட எனக்கு வேற யாரைத் தெரியும்?"

வெள்ளையணு நெருப்பு வெளியே வராதபடி வாயை இறுக மூடிக்கொண்டது. சுவர் பிடித்திருந்த கையை மட்டும் விலக்கவில்லை.