இரிக்கு

“சாருக்க மகளா? அம்பதுக்கு முப்பது. அதுக்கு மேல ஒண்ணு போடமாட்டேன், கேட்டியா?”

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை மனைவி விஜயம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார் தங்கையன். செய்முறைப் பரீட்சைக்கு மார்க் போட, வெளியிலிருந்து தொழில் தெரிந்த ஆளாக, பிளம்பிங் மேசிரியான அவரை அழைத்திருந்தார்கள்.

“பிள்ளைக்க வேலையைப் பாக்கதுக்கு முன்னயே மார்க்கா?” என்றாள் விஜயம்மா.

“அம்மைக்க வேலையை நான் பாத்தாச்சு.”

அம்மை என்றது சுகிர்தபாய் சாரை. கேரள எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்தில் பாடம் சொல்லித் தருகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் சார்தான். பள்ளியில் பிளம்பிங் பிரிவு அவர் பொறுப்பு. அவருடைய மூத்த மகள் ரெஜிலா அதே பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு. இளையவள் ஜீனா பதினொன்று. பரீட்சையில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு, கோட்டுகால் பக்கம் கட்டுகிற பெரிய ஹோட்டலில் பயிற்சியோடு வேலை உண்டு.

தங்கையனுக்கும் சாருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. காரணம் ஒரே ஓர் எழுத்து.

பெற்றோர் கூட்டத்தில், மகனுக்காகப் பேச எழுந்த தங்கையனைப் பார்த்து சார் “இரிக்கு” என்று சொல்லிவிட்டார். மலையாளத்தில் “இரிக்கூ” என்று நீட்டினால் மரியாதை. “இரிக்கு” என்று முடித்தால், வீட்டுப் பிள்ளையை உட்காரச் சொல்வது போல. நாலாம் கிளாஸோடு படிப்பை விட்டவர், அறுபது பேருக்கு நடுவில் முகம் சிவந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து சார் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். ஊருக்கே தெரியும்.

“ஒரு நெடிலுக்கா ஒம்பது வருசம்?” விஜயம்மா சிரித்தாள்.

“மத்தவங்களுக்கெல்லாம் சாருக்கு நீட்டத் தெரிஞ்சுதுல்லா? எனக்கு நீட்ட மட்டும் மூச்சு முட்டிச்சாக்கும்!”

பரீட்சை நாளில் சார் அறைக்குள் வரவில்லை. வெளியே வராந்தாவிலேயே நின்றார்.

ஆறு பிள்ளைகள். ஆளுக்கொரு சுவரில் குளியலறைக்கு வேண்டிய பைப் எல்லாம் பொருத்தியிருந்தார்கள். தங்கையன் தன் வழக்கப்படி பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ஒரு துண்டு போட்டு, வால்வைத் திறந்தார். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் பொட்டாக விழுந்துவிடும்.

ஐந்து பேரைப் பார்த்து முடித்தார். அதிகம் வாங்கியவனுக்கு நாற்பத்துநாலு.

கடைசியாக ரெஜிலா. பதினொரு மூட்டு, பதினொரு தாள். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் பார்த்தவர், இவளுக்கு அரை மணி நேரம் நின்றார்.

ஒரு தாளும் நனையவில்லை.

முழங்காலை மடக்கிக் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். பைப்பைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை.

“பிள்ளே, இஞ்ச எதுக்கு ரெண்டு துண்டாக்கி யூனியன் மூட்டு போட்டே? பைப்பு நீளம் பத்தலியா?”

“நாளைக்கு வால்வு கெட்டா, பைப்பை அறுக்காம கழத்தணும்லா, சார்.”

சார்.

ஊரில் அவரை மேசிரி என்பார்கள், தங்கையா என்பார்கள். இந்தப் பட்டம் புதிது. தங்கையன் மார்க் தாளை எடுத்தார்.

முப்பது. எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முப்பத்தெட்டு வருடத் தொழிலில், ஒழுகுகிற மூட்டை ஒழுகவில்லை என்றோ, ஒழுகாததை ஒழுகுகிறது என்றோ அவர் சொன்னதில்லை. ஒரு மூட்டில் மட்டும் பசை வெளியே வழிந்து காய்ந்திருந்தது. அதற்கு ஒன்றைக் குறைத்தார்.

நாற்பத்தொன்பது.

விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்து சாரிடம் தாளை நீட்டினார். ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

“ஒண்ணு கொறச்சிருக்கேன். பசை வழிஞ்சு கெடக்கு.”

சார் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“கொறச்சது சரிதான். சொன்னா கேக்கமாட்டா, பசையை அப்புவா.”

தங்கையனுக்குப் பொறுக்கவில்லை. “பாறசாலையில எத்தனையோ மேசிரி உண்டு. எதுக்கு எனக்க பேரை எழுதினிய?”

“அவங்க எல்லாரும் எனக்கு வேண்டியவங்களாக்கும். அவங்க மார்க் போட்டா, அம்மை மூஞ்சியைப் பாத்துப் போட்டதுன்னு ஊரு சொல்லும். எனக்க பிள்ளை எவ்வளவு நல்லா வேலை செய்தாலும் அந்தப் பேரு போகாது.” சார் மார்க் தாளை மடித்துக்கொண்டார். “எம்மேல பிணக்கமும் இருக்கணும், தொழில்ல பொய்யும் சொல்லப்படாது. அப்படி ஒரு ஆளைத் தேடினேன் மேசிரி. இந்த நாட்டுல நீங்க ஒருத்தர்தான் உண்டு.”

தங்கையனுக்குப் பெருமையில் சட்டை ஒரு சுற்று இறுகியது போலிருந்தது.

சார் உள்ளே போய் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

“இரிக்கூ...” வராந்தாவின் அந்தக் கோடி வரை கேட்கும்படி நீட்டினார்.

தங்கையன் உட்காரவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீட்டண்டாம் சார். பிணக்கம் தீந்துபோனா, அடுத்த வருசம் ஜீனாவுக்கு ஆரு மார்க் போடுவா?”