சாவுக்குத் திறக்கும் சாலை

உப்போடைக் குடியிருப்பைச் சுற்றி ஆளில்லாத துறைமுக லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சாலையோரப் பேசும் கம்பத்தில் பேர் சொல்லிப் பதிந்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை மட்டும் அவை நின்று வழிவிடும். மற்ற நாளில் சாவு என்றால்தான் நிற்கும்; சுடுகாடும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை இசக்கியம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. அவள் செத்ததாகச் சொன்னால் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். அதனால் அவள் புருஷன் சொரிமுத்து, தானே செத்துவிட்டதாகப் பதிந்தான். லாரிகள் நின்றன. பாடையில் அவளைக் கிடத்தி நால்வர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று, மூத்த மகளைப் பார்த்துக்கொண்டு அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

ஆண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. டாக்டர் ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேங்காரு," என்று இசக்கி போனில் அழுதாள்.

வெள்ளிக்கிழமை சொரிமுத்து கம்பத்தின் முன்னால் நின்று தன் பேரைச் சொன்னான். "காலமானவர்," என்றது கம்பம். எத்தனை முறை சொன்னாலும் அதையே சொன்னது.

இனி யாராவது செத்தால்தான் பாடையோடு போகும் கூட்டத்தில் கலந்து கடக்கலாம். செத்ததாகப் பதிய இன்னொருவர் பேரை இரவல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றான். அந்த வீட்டு வேலம்மாளின் மாமனார் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

"மாமா எப்படி இருக்காரு மதினி?"

"இன்னைக்குத் தேவல. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு," என்று சிரித்தபடி சொன்னவள், அவன் முகம் போன போக்கைப் பார்த்தாள்.

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.