வெறும் சூடுதான்

கழிவறைக் கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மாமா உள்ளே போய் வெகுநேரமாகிவிட்டது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

சொட்டுச் சொட்டாக விழுந்தது. நின்றது. அடக்கிய முனகல் ஒன்று. மறுபடி சொட்டு.

வெளியே வந்தவர் அடுப்படி வாசலில் கொஞ்சம் நின்றார். முற்றம் வரைக்கும் போனார். போன சூட்டிலேயே திரும்பி மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு அவளுடையது. முன்பின் தெரியாத ஆண்களிடம் முகத்துக்கு நேராகக் கேட்பாள். போகும்போது எரியுதா? முழுசாப் போனமாதிரி இருக்கா? அடிவயிறு வலிக்குதா? உட்கார்ந்தா கீழே குத்துதா?

கேட்டுக் கேட்டு நாக்குக்குப் பழகிய வார்த்தைகள்.

வீட்டில் ஒன்றுகூட வரவில்லை.

மருமகள் வருகிற சத்தம் கேட்டாலே சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிற மனிதர். மாமியார் உயிரோடு இல்லை. கணவன் கத்தாரில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சாப்பாடு, மழை, கரண்டு பில். இதற்கு மேல் பேச்சு போனதில்லை.

அதன்பிறகு எல்லாம் கண்ணில் பட்டது.

பேப்பரை நின்றுகொண்டே படித்தார். அதுவும் அடுப்படிக்கு எதிரே, சுவரில் சாய்ந்து.

நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

ஒரு நாள் மொபெட்டை ஓட்டாமல் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் இல்லையோ என்று அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவனிடம் போனில் சொன்னாள்.

"நீங்க ஒரு வார்த்த கேளுங்க. புராஸ்டேட் சுரப்பியில கிருமி தொத்தியிருக்கும்போல. இப்பவே பாத்தா மாத்திரையிலயே சரியாயிரும்."

"நான் எப்படிப் போய் அப்பாட்ட இதக் கேக்க? நீதான நர்சு. நீயே கேளேன்."

மறுநாள் காபியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மாமா, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது.

"ஒன்னுமில்லம்மா. வெறும் சூடுதான்."

அடுத்த கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்தது.

"வெந்தயம் ஊறப்போடுறேன் மாமா" என்றாள்.

ஊறப்போட்டாள். பார்லி காய்ச்சிக் கொடுத்தாள். இளநீர் வாங்கி வைத்தாள். இதில் எதுவும் இதற்கு மருந்தில்லை என்று தெரிந்தே செய்தாள். அவர் கொடுத்ததையெல்லாம் மறுப்புச் சொல்லாமல் குடித்தார்.

வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து மதியம் வந்தபோது, சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. நெற்றியில் கை வைக்கப் போனவள் வைக்கவில்லை. வைக்காமலே அனல் தெரிந்தது.

ஆட்டோவில் அவர் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கியபடியே வந்தார்.

அவளுடைய ஆஸ்பத்திரிதான். டாக்டர் சின்ன வயசுக்காரர். அடிவயிற்றைத் தொட்டதும் மாமா துடித்துப்போனார். வயிறு கல்லாக இருந்தது.

"எப்பருந்துய்யா?"

"இன்னைக்குக் காலையிலருந்துதான் சார்."

அவள் திரைக்கு வெளியே நின்றிருந்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இல்ல சார். ஒரு வாரத்துக்கு மேலயே இருக்கு. அடிக்கடி போறாங்க, சொட்டுச் சொட்டாத்தான் வருது. எரிச்சல் இருக்கு. உக்கார முடியல. வண்டி ஓட்ட முடியல."

வார்டுக் குரல். நடுங்கவில்லை.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சுமா வீட்ல வச்சிருந்தீங்க சிஸ்டர்?"

அவள் திரைக்கு வெளியே வந்தாள்.

திரைக்குள் ஆண் உதவியாளரோடு டாக்டர் சிறுநீர் இறங்கக் குழாய் போட்டார். மாமாவிடமிருந்து அப்படியொரு சத்தம் வந்து அவள் கேட்டதில்லை. ரத்தம் எடுத்துப் போனார்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும்போல, பிரஷர் இறங்குகிறது, தீவிர சிகிச்சைக்கு மாற்றவேண்டும் என்றார் டாக்டர். அங்கே கட்டில் காலியாகும்வரை இங்கேயே ஊசியை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து இறங்க ஆரம்பித்தது. அவளே ஊசி குத்தினாள், அவளே வேகத்தைச் சரிபார்த்தாள். இப்போது எல்லாமே அவளுக்குச் செய்யத் தெரிந்தது.

அவர் உதடு அசைந்தது. குனிந்தாள்.

"கோமதி. ஒனக்கு அப்பவே தெரியுமாம்மா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

வசவை எதிர்பார்த்தாள். வந்தால் நன்றாக இருக்கும்போலிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயத் தொறந்து சொல்ல எனக்கு வரலம்மா. ஒன் கண்ணு முன்னாலயே நடந்துக்கிட்டு இருந்தா நீயா கேட்டுருவேன்னு நெனச்சேன்."

வாசலில் தள்ளுகட்டில் வருகிற சத்தம் கேட்டது. வேறு யாருக்கோ. கடந்து போயிற்று.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் ஒருமுறைகூட அவரைத் தொட்டதில்லை.

நாடி மெலிந்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கினாள்.

நடுவில் தவறிவிட்டது.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.