நாற்காலியை விட்ட தவக்காலம்

பங்குச் சாமியார் துண்டும் கையுமாக முன்னால் மண்டியிட்டுவிட்டார். என் வீட்டுக்காரருக்கோ ஷூ கழன்று வரவில்லை.

பெரிய வியாழன் மாலைப் பூசை. இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பாதம் கழுவுகிற நாள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு ஸ்டூல், சீடர்களின் இடத்தில் பன்னிரண்டு பேர். அதில் ஒரு ஸ்டூல் வருடாவருடம் இவருக்குத்தான். பெரிய துணிக்கடைக்காரர் ஆயிற்றே.

மற்ற வருடங்களில் கிளம்புவதற்கு முன்பே காலைத் தேய் தேய் என்று தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வருவார். சாமியார் கழுவுவதற்கு அழுக்கு மிச்சமே இருக்காது. அப்புறம் எதற்குத்தான் கழுவுகிறாராம் என்று நான் கேட்டால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த வருடம் தேய்ப்பதற்குக் குனியவே முடியவில்லை. பாதம் இரண்டும் அப்படி வீங்கியிருந்தன.

காரணம் நான்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எதையாவது விட்டுவிடுவது அவர் வழக்கம். ஒரு வருடம் சர்க்கரையை விட்டார். வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். ஒரு வருடம் இறைச்சியை விட்டார். பதிலுக்கு முந்திரியாகத் தின்று தீர்த்தார். ஈஸ்டர் அன்று காலையிலேயே எல்லாம் பழையபடி திரும்பி வந்துவிடும்.

இந்த முறை எதை விடலாம் என்று என்னிடம் கேட்டார். "கடையில உங்க நாற்காலிய விடுங்களேன்" என்றேன்.

அந்தக் கடையில் இருப்பதே ஒரு நாற்காலிதான். விற்பனைப் பெண்களுக்குக் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற வேலை. ஆள் வராத நேரத்திலும் உட்காரக்கூடாது, எதிலும் சாயக்கூடாது. அவருடைய அப்பா காலத்துச் சட்டம்.

இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக் கிடங்கில் போட்டார்.

முதல் வாரம் ஒரே வீறாப்பு. இரண்டாவது வாரம் மெல்லக் கல்லாவில் சாய்ந்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். உடனே நிமிர்ந்துவிட்டாராம்.

அதற்கப்புறம் உட்காருவதற்காகவே அடிக்கடி கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் கதவைத் திறந்து வெளியே வந்தால், பெண்கள் பக்கத்துக் கதவு முன்னால் வரிசை. அவர்களும் அதற்குத்தான் வருகிறார்கள் என்பது மனிதருக்கு அன்றுதான் உறைத்திருக்கிறது.

அதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கும் உட்கார இடம் கிடைத்துவிடுமோ என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. சர்க்கரை திரும்பி வந்த மாதிரி, ஈஸ்டர் முடிந்ததும் நாற்காலியும் அவர் ஒருவருக்கு மட்டும் திரும்பி வந்துவிட்டால்? இத்தனை நாள் நின்றதும் வலித்ததும் வீண்தானே.

அந்தக் கவலையோடுதான் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், வழக்கம்போல் இடதுகாலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கும். மடக்கினால் வலிக்கும். "உங்க பரம்பரை வாகு" என்பார் இவர். எனக்குப் பின் பெஞ்சில் கடைப் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

ஒருவழியாக ஷூ கழன்றது.

சாமியார் பாதத்தைக் கையில் ஏந்திக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. ஒருமுறை நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீரை மெதுவாக ஊற்றினார்.

வெதுவெதுப்பான தண்ணீர். இவர் அப்படியே சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு கண்ணைத் திறந்தவர், உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தடவினார். விளிம்பைத் தட்டினார். இப்படியும் அப்படியும் அசைந்து, ஆடுகிறதா என்று பார்த்தார். சரக்கு எடுக்கப் போகிற இடத்தில் பார்ப்பாரே, அதே பார்வை.

பாடகர் குழு ஒரு பாட்டை முடித்து, அடுத்ததற்கு மூச்சு இழுத்த நேரம்.

"சாமி, இந்த ஸ்டூல் எங்க வாங்கினீங்க? கடைப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வேணும். ஈஸ்டர் முடிஞ்சு கடை தெறக்குறதுக்குள்ள."

ரகசியமாகத்தான் கேட்டார். சாமியாரின் அங்கியில் மைக் குத்தியிருந்ததை மறந்துவிட்டார்.

கோயில் முழுக்கக் கேட்டது. "பூசை முடியட்டும், சொல்றேன். இப்ப அடுத்த காலக் குடுங்க" என்று சாமியார் சொன்னதும் சேர்ந்தே கேட்டது. பின் பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். பாடகர் குழுவால் பாட்டை எடுக்கவே முடியவில்லை.

இனிமேல் அவரே நினைத்தாலும் பின்வாங்க முடியாது, இத்தனை பேர் சாட்சி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காது மடல் வரைக்கும் வெட்கம். காலை நீட்ட இடம் தேடியவர், ஏற்கெனவே அங்கே நீண்டிருந்த என் காலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"இது உங்க பரம்பரை வாகு இல்ல, என்ன?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கால் இப்படி இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம் நான் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தேன். அங்கே பார்த்துப் பிடித்துப்போய்த்தான் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.