அரை விரல் தண்ணீர்

"அப்பா எங்கே அண்ணி?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள் கேட்டாள் மகள்.

"வேறெங்கே? மெஷின்கிட்டதான்" என்றாள் அண்ணி, காபியை ஆற்றிக்கொண்டே.

குளியலறையை ஒட்டிய சின்ன அறையை எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது.

வாஷிங் மெஷினின் மூடி திறந்திருந்தது. எதிரே ஸ்டூலில் அப்பா. எழுபத்தாறு வயது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார். ஒரு கையில் ரப்பர் ஹோஸ். இன்னொரு கையில், கோடு கோடாகப் போட்ட ஒரு குச்சி.

"வாம்மா! இரு, இப்போ பேச்சுக் கொடுக்காதே. போர்வை ஓடுது."

குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். சட்டென்று குழாயை மூடினார்.

மகள் விடுவிடுவென்று கூடத்துக்குத் திரும்பினாள்.

"என்ன அண்ணி இது?"

"தண்ணி மட்டம் பார்க்கிற சென்ஸார் கெட்டுப்போச்சு. ரெண்டு வாளி விழுந்ததுமே, நிறைஞ்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சுடுது. மீதியை மாமா பிடிச்சு விடறார்."

"எத்தனை நாளா?"

"ஆகுது, ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா! ரிப்பேர் பண்ண ஒரு ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?"

"பார்ட்ஸ் வரணுமாம். வந்தா மாட்டுவான். அதுக்கு நான் என்ன பண்றது? மெஷினுக்குள்ளே நானா போய் உட்கார முடியும்?"

அண்ணியின் வாய்க்கு பிரேக் கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரியும். அதோடு விட்டாளா? உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா! நேத்துத் துவைச்ச துண்டெல்லாம் ஒரே சோப்பு வாசனை. ஒரு விரல் தண்ணி குறைச்சுட்டீங்க!"

"ஒரு விரலா? அரை விரல்தான்!"

"அரையோ காலோ, துண்டு நாறுதா இல்லையா?"

மகளுக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தைந்து வருஷம் ஊருக்கே தண்ணீர் விட்ட மனிதர். நீரேற்று நிலையத்தில் தொட்டி மட்டம் பார்க்கிற வேலை. அவர் தலையாட்டாமல் ஒரு வால்வு திறக்காது. அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்து, போனில் 'ம்' என்பதற்கு மேல் பேசாமல் இருந்தவரையா இப்படி வேலை வாங்குவது?

போர்வை ஓடி முடிந்ததும் அப்பாவிடமே போனாள்.

"என்கூட வந்துடுங்கப்பா. அங்கே நீங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம்."

"உன் வீட்டு மெஷின் நல்லா ஓடுதாம்மா?"

"ஜம்முனு ஓடுது. பட்டனைத் தட்டினா போதும்."

"அப்புறம் அங்கே எனக்கென்ன வேலை?" என்று சிரித்துவிட்டு, கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு மருமகள் பின்னாலேயே மொட்டை மாடிக்குத் துணி காயப்போடக் கிளம்பிவிட்டார்.

பாவம், நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

மெஷினின் பக்கவாட்டில் மெக்கானிக்கின் நம்பர் ஒட்டியிருந்தது. போனிலேயே ஒரு பிடி பிடித்தாள். பத்தே நிமிஷத்தில் பையோடு வந்து நின்றான் அவன்.

"அக்கா இல்லையா மேடம்? அவங்களைக் கேட்காம நான் கை வைக்க மாட்டேனே."

"நான் சொல்றேன், பிரிங்க!"

அரை மனதாகப் பின்மூடியைக் கழற்றினான். மெல்லிய ட்யூப் ஒன்றை உருவி, வாயில் வைத்து லேசாக ஊதினான். 'டிக்' என்றது.

"பார்த்தீங்களா? மூச்சு பட்டதுமே டிக்குனுது. தண்ணி நிறைஞ்சுடுச்சுன்னு பொய் சொல்லுது. நல்ல சென்ஸாரா இருந்தா, இன்னும் அழுத்தி ஊதினாத்தான் சத்தம் வரும்."

"அந்த நல்ல சென்ஸாரைக் கொண்டுவர்றதுக்குத்தான் ரெண்டு மாசமா?"

"அது எப்பவோ வந்துடுச்சு மேடம். இந்த வீட்டு அலமாரியிலதான் இருக்கு."

"என்ன?"

மெக்கானிக் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரம் ஐயாதான் தண்ணி விட்டார். அப்புறம் நான் புதுசை மாட்டிட்டுப் போனேன். மறுநாள் காலையிலேயே அக்கா போன். 'நீ மாட்டினதும் மாட்டினே, மாமா மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துட்டார். மரியாதையா வந்து பழசையே மாட்டிட்டுப் போ'ன்னு ஒரே சத்தம்!"



படியில் செருப்புச் சத்தம். கிளிப் டப்பாவோடு அப்பா வந்து நின்றார். பின்னால் காலிக் கூடையோடு அண்ணி. பிரித்துப் போட்டிருந்த மெஷினைப் பார்த்ததும் அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"சரி பண்ணியாச்சா?"

"இல்லப்பா" என்றாள் மகள், பின்மூடியை எடுத்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தபடியே. "பார்ட்ஸ் இன்னும் வரலையாம்."

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

"ஒண்ணும் அவசரமில்லைன்னு சொல்லு."

அண்ணி நாத்தனாரை ஒரு கணம் பார்த்தாள். கூடையை டொம்மென்று கீழே வைத்தாள்.

"அவசரமில்லையாம்! பேச்சைப் பாரு! நாளைக்காவது அந்த அரை விரலைச் சேர்த்து விடுங்க மாமா!"