சொல்லாத பெயர்

வள்ளத்தில் ஏறிவிட்டால் சுறாவைச் சுறா என்று யாரும் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். பெயர் காதில் விழுந்தால் வந்து நின்றுவிடுமாம். அன்று சங்கெடுக்கக் கடலடிக்குச் சுழியோடிய மச்சானுக்கு, மேலே கயிறு பிடித்தவன் இன்னாசி. அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் தம்பியின் கைதான் அதைப் பிடிக்கவேண்டும். இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அவுக எங்கடா?" என்றாள் கித்தேரியம்மாள்.

"பெரியவரு வந்துட்டாருக்கா."

அவள் கயிற்றின் அறுந்த நுனியைத் தடவிப் பார்த்தாள். இன்னும் ஈரமாக இருந்தது.

"இப்பக் கரையிலதான நிக்குற? அதோட பேரச் சொல்லுடா."

வாயைத் திறந்தவன், திரும்பிக் கடலைப் பார்த்தான். மற்ற வள்ளங்களில் ஒன்றுகூட இன்னும் கரைக்கு வரவில்லை.