உறுவையாற்றின் ஒரே குறை

“எனக்கு இன்னா சார் குறை? ராஜா மாதிரி இருக்கேன்!”

ஆதிமூலம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் வில்லியனூர் வரைக்கும் பறந்துபோயின.

அந்த ‘ராஜா’ அப்போது பேப்பரைத் துணிக்கொடியில் மாட்டிவிட்டு, எட்டடி தள்ளி நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் ஏன்யா இவ்ளோ தூரம் நிக்கற?” என்றார் அரங்கநாதன்.

“வயசானா கை கொஞ்சம் குட்டையாயிடுது சார். அவ்ளோதான்!”

அரங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டார். இது ஆறாவது வீடு. கூட வந்த பிரியதர்ஷினி கையில் டேப்லெட்டோடு காத்திருந்தாள். வெளிநாட்டு அமைப்பு ஒன்று கண்ணாடி, காது மிஷின், வாக்கர், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் கிராமத்துக்கே கொண்டுவந்து, அளவு பார்த்துக் கொடுக்கப்போகிறது. அதற்குக் கணக்கெடுக்க வந்த பெண் அவள். பத்து வீட்டில் ‘குறை’ பதிவானால் முகாம் இந்த ஊரில், உறுவையாற்றில். இல்லையென்றால் பக்கத்து ஊர் பண்டசோழநல்லூருக்குப் போய்விடும்.

போனால் போகட்டும் என்று அரங்கநாதனால் விட முடியாது. காரணம், அவர் மீசை. சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்துநாலு வருஷம் லாரி லாரியாகக் கரும்பு எடை போட்டபோதும், ரிடையர் ஆகி ஊர்வம்பை எடை போடும்போதும் கூடவே இருக்கும் மீசை. போன வாரம் டீக்கடையில் பண்டசோழநல்லூர் கலைச்செல்வனிடம், “முகாம் எங்க ஊருக்கு வரலன்னா இத எடுத்து ஒன் கையில குடுத்துடறேன்டா!” என்று சவால் விட்டிருந்தார். வாய் செய்த தப்புக்கு மேல்வீட்டுக்காரன் காலி செய்யவேண்டிய நிலைமை.

“ஏன் பாப்பா, குறை இருக்கான்னா கேக்கறது? நம்மாளு கழுத்து அறுந்து தொங்கினாலும் ‘ஒரு குறையும் இல்ல’ன்னுதான் சொல்லுவான். வேற வார்த்தை கெடைக்கலியா?”

“வெளிநாட்டு ஃபாரத்த யாரோ அப்படித்தான் தமிழ்ல மாத்தி வச்சிருக்காங்க ஐயா!” என்றாள் பிரியதர்ஷினி கணீரென்று. நல்ல பெண். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி முணுமுணுக்காமல் வாயைத் திறந்து பேசுகிறாள்.

ஆதிமூலம் அவள் பக்கம் திரும்பி என்னவோ முணுமுணுத்தார். அவள் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் தட்டினாள்.

“இன்னாய்யா அது?”

“ஒண்ணுமில்ல சார்!” திரும்பி வந்திருந்த காக்கைகள் மறுபடியும் கிளம்பின.

அடுத்த வீடு தனக்கொடி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். அடுப்படிக்கு, குழாயடிக்கு, கல்யாண வீட்டுக்கு, எங்கே போனாலும் அந்த நாற்காலிதான் முன்னால் போகும். தேய்ந்து தேய்ந்து அது பாதி உயரமாகி, அவளும் அதோடு குனிந்துபோயிருந்தாள்.

“முட்டி எப்படிம்மா இருக்கு?”

“முட்டிக்கு இன்னாண்ணா? கல்லு மாதிரி இருக்கு!”

“அப்ப எதுக்கு நாற்காலி?”

“வர்றவங்க உக்காரத்தான்!”

“குடு, உக்கார்றேன்.”

தனக்கொடி விடவில்லை. விட்டால் விழுந்திருப்பாள். அரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிஷம் மீசைகூட மறந்துபோனது.

“வீம்பு பண்ணாதம்மா. ஒரு வாக்கர் வந்தா நல்லதுதானே?”

“பையனுக்குப் பொண்ணு பாக்கற நேரத்துல இந்த வூட்ல குறைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? போண்ணா!”

அதற்குப் பிறகு அவளும் பிரியதர்ஷினியிடம் முணுமுணுத்தாள். பிரியதர்ஷினி தட்டினாள்.

எட்டு, ஒன்பது என்று வீடுகள் தீர்ந்தன. எல்லாரும் அதே பாட்டு. ‘இல்ல’ என்பதை மட்டும் ஊர் எல்லை வரை கேட்கிற மாதிரி கத்தினார்கள். மற்றதெல்லாம் முணுமுணுப்பு.

பத்தாவது, அவர் வீடேதான். உள்ளே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டித் தாளம் போட்டன.

“உங்க வூட்ல ஐயா?” என்றாள் பிரியதர்ஷினி.

“எனக்கு இன்னா குறை? ராஜா மாதிரி…” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரையெல்லாம் திட்டிவிட்டு வந்து அதே பாட்டு! “சரி, இல்லன்னே போட்டுக்கோ.”

அவர் மனைவி செல்வகுமாரியும் தன் பங்குக்கு என்னவோ முணுமுணுத்தாள்.

அரங்கநாதன் மீசையைக் கடைசியாக ஒருமுறை நீவிக்கொடுத்தார். “செல்வி, அந்த ஷேவிங் செட்ட எடு.”

“வேணாம் ஐயா! முகாம் இங்கதான்! பத்து வூட்லயும் குறை பதிவாயிடுச்சி!”

“எல்லாம் இல்லன்னுதானே கத்துச்சிங்க?”

“அவங்களுக்குத்தான் இல்லன்னாங்க. ஆனா வேற ஒரு குறை சொன்னாங்க. முகாம்னு வந்துட்டா நாங்களே எல்லாரையும் பாத்துடுவோம். தனக்கொடியம்மாவுக்கு வாக்கர் கண்டிப்பா உண்டு. ஆனா மொத காது மிஷின் மட்டும்…”

அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது வரியிலும் ஒரே வாசகம்: ‘அரங்கநாதன் வூட்டு டிவி சத்தம் தாங்கல.’ பத்தாவதில் மட்டும் சின்ன மாற்றம்: ‘எங்க வூட்டு டிவி சத்தம் தாங்கல.’

“அடப்பாவிங்களா! என்னைப் பக்கத்துல வச்சிக்கினே குசுகுசுன்னு கோள் சொல்லியிருக்குதுங்களே!”

“குசுகுசுன்னு இல்லீங்க ஐயா,” பிரியதர்ஷினி அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள், “எல்லாரும் உங்க எதிர்லயே, நல்லா வாயைத் திறந்துதான் சொன்னாங்க!”